ஒன்றரை மரத் தூரம்

சும்மா இருக்கத் தெரியாத கை எனக்கு. வேன் ஓட்டும்போது ஸ்டியரிங்கில் தாளம் போடும், வங்கியில் வரிசையில் நின்றால் கைப்பையின் வாரைத் திருகும், தூக்கத்தில்கூடப் போர்வையின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நாற்பத்தெட்டு வயதில் அந்தக் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. வட்டம் போடும் வேலை.

எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து பக்கத்து ஊரான பகாவுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன், பதினொரு வருடமாக. விளையாட்டு, கழகம் என்று புறப்பாட நடவடிக்கை உள்ள நாட்களில் பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் வேலியோரம் காத்திருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் சாப்ட்பால் ஆடுவார்கள். பிட்சர் பெண் (ஒவ்வொரு வருடமும் வேறொருத்தி, ஆனால் நிற்பது மட்டும் ஒரே நிற்பு) மஞ்சள் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். திடீரென்று கை எழும். மேலே போய், பின்னால் இறங்கி, ஒரு முழு வட்டம்; இடுப்போரத்தில் எங்கோ பந்து காணாமல் போகும்; அடுத்த கணம் கேட்சரின் கையுறைக்குள் 'டப்'. நடுவில் அந்தப் பந்து எங்கே இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை. மழை வழிகிற கண்ணாடி வழியாகவும் வெயில் கொதிக்கிற கண்ணாடி வழியாகவும் அதையே பார்த்திருக்கிறேன். ஒன்றை நிறைய நாள் பார்த்துவிட்டால் அது கையில் வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. நான் சமைத்துக் கெடுத்தவை எல்லாம் இந்த நம்பிக்கையில் கெட்டவைதான்.

எங்கள் தோட்டத்துக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கும் வருடம் ஒரு முறை குடும்ப விளையாட்டு நாள். காலையில் பெண்கள் சாப்ட்பால், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் காற்பந்து. போன வருடம் பெண்கள் ஆட்டம் முடியவே இல்லை. பிட்சர் போடுகிற பந்து, அடிக்க நிற்பவளுக்கு முன்னால் தரையில் கிடக்கும் தட்டுக்கு மேலாக, அவளுடைய முட்டிக்கும் அக்குளுக்கும் இடையில் வந்தால்தான் செல்லும். நான்கு பந்து அப்படி வராமல் போனால் அவள் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். போன வருடம் எல்லோரும் நடந்தார்கள். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, வெயிலில், கையை வீசிக்கொண்டு, பேசிக்கொண்டு நடந்தார்கள்.

"சாப்ட்பாலா இது? பத்துமலைக்குப் பாத யாத்திரைலா!" என்று ஆண்கள் கூடாரத்திலிருந்து யாரோ கத்தினார்கள். சிரிப்பில் கூடாரத்துக் கம்பியே ஆடியது. சாப்பாடு ஆறிப்போனது. காற்பந்து இருட்டுகிற நேரத்தில்தான் முடிந்தது.

இந்த வருடம் விளையாட்டுக் குழுத் தலைவர், தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"ஒம்பது மணிக்கு ஆரம்பிங்க. அஞ்சு இன்னிங்ஸ். பன்னெண்டுக்குள்ள முடியணும். முடியலைன்னா அடுத்த வருஷத்திலேருந்து பொம்பளைங்க ஆட்டம் கெடையாது. கோலப் போட்டி வெச்சிக்கிலாம். அழகா, நெழல்ல ஒக்காந்து செய்யலாம் பாருங்க."

கோலத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் வருடம் முழுக்கக் குனிந்து செய்கிற வேலைக்கு இங்கே குறைச்சல் இல்லை. நிமிர்ந்து நின்று, ஊர் பார்க்க, கையை வானத்துக்கு வீசுகிற காலை எங்களுக்கு வருடத்தில் அந்த ஒன்றுதான்.

போன வருடத்துப் பிட்சர் கல்யாணமாகி மந்தினுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது கேட்சர். அவள் என் பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள். அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் குழுவுக்கு ஆறு வருடம் கேட்சராக இருந்தவள். இப்போது தோட்டத்து ஆயக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் வந்து விழுகிற பதினைந்து பிள்ளைகளைப் பிடிக்கிறவளுக்கு ஒரு பந்து எம்மாத்திரம்.

ஆயக்கொட்டாய் வாசலில் ஒன்பது பெண்கள் கூடினோம். "யாருக்காச்சும் கைய சுத்திப் போடத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"எங்க கத்துக்கிட்ட?"

"பாத்திருக்கேன்."

"எவ்ளோ நாளா?"

"பதினோரு வருஷமா."

"நானும்தான் அம்பது வருஷமா ஏரோப்ளேனப் பாக்கிறேன்" என்றாள் அக்கா. பிறகு என் கையைப் பார்த்தாள். அது நாற்காலியின் பிளாஸ்டிக் நாடாவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "சரி வா. அஞ்சு வாரம் இருக்கு. அந்தக் கையக் கொஞ்சம் வேல வாங்கிப் பாப்போம்."

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் செம்பனை வரிசை தொடங்கும். அதில் இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு சந்தில் பயிற்சி வைத்துக்கொண்டோம். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து தட்டுக்கு நாற்பத்து மூன்று அடி என்று அக்கா சொன்னாள். என் வீட்டுக்காரர் அறுவடை ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர். அவர் உலகத்தை மரத்தால் அளப்பவர். கடைக்கு எவ்வளவு தூரம் என்றால் நாற்பது மரம் என்பார். மட்டைக் குவியலில் பார்த்த பாம்பு கால் மரம் நீளம். வாசல் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் எழுந்துகூட உட்காரவில்லை.

"மரத்துக்கு மரம் இருவத்தொம்பது அடி. ஒன்னர மரம் போட்டா நாப்பத்து மூணர. அர அடி முன்னாடி வெச்சிக்க. அவ்ளோதான், இதுக்கெல்லாம் எதுக்கு டேப்பு?"

அளவு நாடா அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் அளவு தப்பி நாங்கள் பார்த்ததில்லை. ஒரு மரத்தடியில் கோடு கிழித்தோம். ஒன்றரை மரம் தள்ளி, அரை அடி உள்ளே வாங்கி, தட்டுக்குப் பதிலாக ஒரு சாக்குத் துண்டை ஆணியடித்து வைத்தோம்.

முதல் வாரம் வட்டமே இல்லை. எனக்கு ஏமாற்றம். அக்கா என் விரல்களைப் பிரித்துப் பந்தின் தையல்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள், பாப்பாவுக்குக் கொலுசு போடுகிற மாதிரி. "உள்ளங்கையில வெச்சி நசுக்காத. வெரல் நுனியில புடி." பிறகு நான்கு அடி தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்தாள். கை தொங்க வேண்டும், மணிக்கட்டு மட்டும் சொடுக்க வேண்டும், பந்து உருண்டபடி அவள் கையுறைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். சொடுக்கு, சொடுக்கு, சொடுக்கு. ஐந்தரை மணிக்குத் தொடங்கினால் ஏழு மணிக்குக் கொசு வந்து எழுப்பும்வரை அதேதான்.

"இதுக்கா பதினோரு வருஷம் பாத்தேன்?"

"கியர் போடத் தெரியாம ஹைவேக்கா போவ?"

இரண்டாம் வாரம் உடம்பைத் திருப்பி நின்றேன். இடது கை அக்காவை நோக்கி, பந்துக்கை வானத்தை நோக்கி, கால் இரண்டும் அகன்று. அங்கிருந்து அரை வட்டம் மட்டும் கீழே இறக்கி, முழங்கைக்குக் கீழே கை இடுப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். உரசியது. என் கால்சட்டைப் பையில் வேன் சாவிக்கொத்து இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் கை அதில் மோதி, இரண்டே நாளில் முன்கை மங்குஸ்தான் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. வலி ஆட்டத்தில் சேர்த்தி போலிருக்கிறது என்று நான் பேசாமல் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அக்காதான் சத்தத்தைக் கவனித்தாள்.

"ஏண்டி, நீ போடுறப்போ எங்கேயோ மணி அடிக்குது?"

சாவியை எடுத்து மரத்தில் மாட்டினேன். வலியில் முக்கால்வாசி அந்த மரத்துக்குப் போய்விட்டது.

நேராக அடி எடுத்து வைக்க வரவில்லை. கால் பக்கவாட்டில் ஓடியது, பந்தும் அதன் பின்னாலேயே ஓடியது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வேனைச் சந்துக்குள் ஒரு முறை ஓட்டி, ஈர மண்ணில் டயர் தடம் பதித்து, அந்தத் தடத்தின்மேல் அடி வைத்துப் பழகினேன். பதினொரு வருடமாக என்னை நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த டயர் அது.

மூன்றாம் வாரம் முழு வட்டம். அடடா! முன்கால் பாய்கிறது, பின்கால் மண்ணை இழுத்துக்கொண்டு வருகிறது, கை பன்னிரண்டு மணியைத் தொட்டு ஆறு மணிக்கு விழுகிறது, உடம்பு முழுவதும் ஒரே ஒரு சொல்லைச் சொல்லப் போகிற வாய்மாதிரி திறக்கிறது, பிறகு பந்து பின்பக்கம் போய் என் வீட்டுக் கோழிக்கூண்டின் தகரத்தில் விழுகிறது. சீக்கிரம் விட்டால் மண்ணைக் குத்தியது. கொஞ்சம் தாமதித்தால் வானத்துக்குப் போனது. ஒரு தடவை செம்பனையின் உச்சியில் மட்டைக்கும் குலைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரர் அறுவடை அரிவாளை நீட்டித் தட்டி இறக்கினார்.

"இருவத்தாறு வருஷ சர்வீஸ்ல மஞ்சப் பழம் அறுத்தது இன்னிக்குத்தான்" என்றார்.

"விடுறத நெனைக்காத" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். "இடுப்ப ஒரசுறப்போ அதுவே போகும். நீ வழிய மறிக்காத." எனக்கு எதையும் நினைக்காமல் இருக்க வராது. ஆனால் நான்காவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்டு மட்டைகள் சொட்டிக்கொண்டிருந்த சாயங்காலம், வீட்டுக்குள் குக்கரை அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டே போட்டுவிட்டேன். பந்து போனது தெரியவில்லை. டப் என்ற சத்தம்தான் தெரிந்தது. அக்கா கையுறையைத் திறந்து உள்ளே பார்த்தாள், வேறு யாராவது போட்டிருப்பார்களோ என்பதுபோல.

"இன்னொன்னு" என்றாள்.

டப்.

அந்த மாலை முழுக்க அந்தச் சத்தம் மரத்துக்கு மரம் தாவி ஓடியது. குக்கர் தீய்ந்துவிட்டது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் வாரம் முடியும்போது பத்துக்கு ஏழு பந்து சாக்குத் துண்டின் மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

விளையாட்டு நாள் காலையில் எட்டரைக்கே எல்லோரும் பசியாறிவிட்டுத் திடலுக்கு வந்துவிட்டோம். ஒன்பது மணி ஆட்டம் ஒன்பதே முக்காலுக்குத்தான் தொடங்கியது. நேரத்தைக் காப்பது பற்றித் தலைவர் அரை மணி நேரம் உரையாற்றினார். நடுவர் பகாவிலிருந்து வந்த ஆசிரியை. நாடா பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். முதலில் மட்டை பிடித்தது நாங்கள். ஒரு ஓட்டம் எடுத்தோம். பிறகு நான் போய் நின்றேன்.

நின்றதுமே ஏதோ சரியில்லை. என்ன என்று தெரியவில்லை. கையைச் சுற்றினேன். பந்து அக்காவின் தலைக்கு மேலே பறந்து கம்பிவலையில் மோதியது. அடுத்ததும். அதற்கடுத்த இரண்டும். முதல் பெண் நடந்தாள். இரண்டாவது பெண்ணும் நடந்தாள்.

"யாத்திர கெளம்பிருச்சுலா!" என்று கூடாரத்திலிருந்து குரல் வந்தது. "பால்கொடம் எங்க?"

தலைவர் கோட்டருகே வந்து நின்று, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். என் கண்முன்னால் கோல மாவு கொட்டியது.

அக்கா முகக்கவசத்தை உயர்த்திக்கொண்டு நடந்து வந்தாள். "என்னடி, எல்லாம் தலைக்கு மேல?"

"அக்கா, நீ ரொம்பக் கிட்ட ஒக்காந்திருக்க."

"நான் எப்பவும் ஒக்கார்ற எடத்துலதான் ஒக்காந்திருக்கேன்."

"இல்ல. கவசத்துக்குள்ள ஒன் பல்லு தெரியுது. தோட்டத்துல தெரியாது."

அக்கா திரும்பித் தட்டைப் பார்த்தாள், என் காலடியைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கூடாரத்தைப் பார்த்தாள். அங்கே என் வீட்டுக்காரர் சாப்பாட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தார்.

"மண்டோர்!" என்று திடலுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். "நம்ம வீட்டுப் பின்னாடி மரத்துக்கு மரம் எவ்ளோ?"

"இருவத்தொம்ப..." என்றவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டார். கரண்டி இறங்கியது. "அது... நான் வேல பாக்கிற புது நடவுலா. வீட்டுப் பின்னாடி பழைய நடவு. அது முப்பத்திரெண்டு."

ஒன்றரை மரம், நாற்பத்தெட்டு அடி. அரை அடியைக் கழித்தாலும் கிட்டத்தட்ட ஐந்து அடி கூடுதல். ஐந்து வாரமாக நான் ஐந்து அடி தள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தணிந்து வர வேண்டிய பந்து, தணிவதற்கு இடமில்லாமல் உயரத்திலேயே தட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கணக்கைத் திடல் முழுக்க மனதுக்குள் போட்டு முடித்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அண்டாவுக்குப் பின்னால் போய்விட்டார்.

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது, கையுறையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு தட்டுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். கேட்சர் அந்தக் கட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கட்டம் நீளமானது.

"டீச்சர், நான் பின்னாடி தள்ளி ஒக்காரலாம்தானே?"

"கட்டத்துக்குள்ள இருந்தா சரி" என்றார் நடுவர்.

அக்கா என் தோளைத் தட்டினாள். "நான் அஞ்சடி பின்னாடி போறேன். தோட்டத்துல இருக்கிற மாதிரியே இருப்பேன். கையுறையத் தரையோட வெச்சிக்கிறேன். நீ தட்டப் பாக்காத, அடிக்கிறவளப் பாக்காத. எனக்குப் போடு. வர்ற வழியில அது தட்டத் தாண்டிக்கட்டும்."

அவள் பின்னால் போய்க் குந்தினாள். கவசத்துக்குள் பல் மறைந்தது. முகம் அதன் பழைய அளவுக்குச் சுருங்கியது. அங்கே செம்பனைச் சந்து திறந்தது. சாக்குத் துண்டு, மட்டைச் சொட்டு, மரத்தில் தொங்கும் சாவி. கை தானாக எழுந்தது. இடுப்பை உரசியது. மூன்றாவது பெண்ணின் முட்டிக்கு ஒரு சாண் மேலே காற்று கிழிந்தது.

டப்.

"ஸ்ட்ரைக்!" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு நேரம் ஓடியது, நாங்களும் ஓடினோம். நாற்பத்தெட்டு அடிக்குப் பழகிய கைக்கு நாற்பத்து மூன்று கைக்கெட்டும் தூரம். அதற்காக எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன் என்று சொல்ல முடியாது. அடித்தார்கள், நன்றாகவே அடித்தார்கள். ஆனால் நடக்கவில்லை. ஓடினார்கள், விழுந்தார்கள், புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து கத்தினார்கள். கூடாரத்துக் கேலி மெல்லக் கைத்தட்டலாக மாறியதை நான் பிறகுதான் கவனித்தேன்.

கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஆறு, அவர்கள் ஐந்து. அவர்களுக்கு இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தியை வெளியே அனுப்பினால் ஜெயம். ஆனால் இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள்; தட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தால் ஆளுக்கு ஒரு ஓட்டம். அடிக்க வந்தவள் அவர்களுடைய பிட்சர், பள்ளி முடித்து இரண்டு வருடமான பெண், ஏற்கெனவே என் பந்தை இரண்டு முறை திடலோரத்துச் சாக்கடைக்கு அப்பால் அனுப்பியவள்.

"அக்கா, அவள நடக்க விடுங்க!" என்று எங்கள் பெண்கள் கத்தினார்கள். "முதல் பேஸ் காலி! அடுத்து வர்றவ சாதுக்கா!"

அது சரியான யோசனை. வேண்டுமென்றே நான்கு பந்தை வெளியே போட்டு இவளை நடக்க விட்டால், அடுத்தவளை எளிதில் முடித்துவிடலாம். அக்கா வந்தாள்.

"பன்னெண்டாக இன்னும் பத்து நிமிஷம்" என்றாள். "அடுத்தவ சாதுதான். ஆனா ஒவ்வொரு பந்துக்கும் ஷூ கயிறு கட்டுவா. முன்னாடியே பாத்தில்ல?"

கோட்டருகே தலைவர் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஒனக்குக் கோலம் வருமா?" என்று அக்கா கேட்டாள்.

"வராது."

"எனக்கும் வராது. போடு."

போட்டேன். அன்று நான் போட்டதிலேயே நல்ல பந்து அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். தையல் உருண்டு, தணிந்து, தட்டின் நட்டநடுவில். அந்தப் பெண்ணுக்கும் அது அவ்வளவு பிடித்துப்போனது. பந்து என் தலைக்கு மேலே மஞ்சளாகப் போய், சாக்கடையைத் தாண்டி, மட்டைக் குவியலுக்குள் விழுந்தது. இரண்டு பேர் ஓடி வந்து தட்டை மிதித்தார்கள். ஏழுக்கு ஆறு. தோற்றுப்போனோம்.

அக்கா கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகத் தலைவரிடம் போனாள்.

"ஐயா, மணி என்ன?"

அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "பன்னெண்டாக ஏழு நிமிஷம்."

"மைக்குல சொல்லுங்கய்யா."

மைக்கில் சொன்னார். எங்கள் ஒன்பது பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். ஜெயித்தவர்கள் எங்களைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள். "ஏன்க்கா, தோத்தவங்க நீங்கதானே?" என்று அந்தப் பெண் மட்டையோடு வந்து கேட்டாள். அக்கா அவளையும் இழுத்து வட்டத்துக்குள் போட்டுக்கொண்டாள். "அடுத்த வருஷமும் நீ இங்க வந்து என் தங்கச்சி பந்த அடிக்கலாம்லா. அதுக்குத்தான் இந்தக் குதி."

சாப்பாடு சூடாக இருந்தது. என் வலது கை முதன்முறையாகச் சும்மா தொங்கியது. தட்டைப் பிடிக்கக்கூட அதற்கு மனமில்லை, இடது கையால் நீட்டினேன். அண்டாவுக்குப் பின்னால் இருந்து என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல் கோழிக்கறி போட்டார்.

"எத்தன துண்டு போட்டீங்க, மண்டோர்?" என்றாள் பின்னால் நின்ற அக்கா.

"மூணு."

"எண்ணிப் போட்டீங்களா, இல்ல மரக்கணக்கா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் இன்னொரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.